தமிழில் தெரிந்த செய்தி, ஆங்கிலத்தில் வாசிக்கும் செய்தி

ஆங்கிலம் கற்க விரும்பும் தமிழ் மாணவருக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரே அறிவுரை சொல்லப்பட்டுவருகிறது: "தினமும் இந்து பேப்பர் படி, இங்கிலீஷ் தானா வந்துடும்." 1878-இல் சென்னையில் தொடங்கிய அந்த நாளிதழைப் படித்தே ஆங்கிலத்தில் தேர்ந்தவர்கள் பலர் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் நாளிதழைக் கையில் எடுப்பதற்கு முன்பே பள்ளியிலோ வீட்டிலோ ஓரளவு ஆங்கிலம் பெற்றிருந்தவர்கள். அந்த முதலீடு இல்லாத மாணவர் அதே அறிவுரையை ஏற்று முதல் பக்கத்தைத் திறந்தால் மூன்றாவது வரியில் அகராதி தேடுகிறார், பத்தாவது வரியில் களைத்துப்போகிறார், சில நாட்களில் விட்டுவிடுகிறார். தனக்கு மூளை போதாது என்ற முடிவு மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது. அறிவுரை தவறானதல்ல, பாதியில் நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். உலகச் செய்தி ஆங்கிலம் கற்க மிக நல்ல வாசிப்புப் பொருள்தான். ஆனால் அந்தச் செய்தி வாசிப்பவருக்கு முதலில் தமிழில் தெரிந்திருக்க வேண்டும். ஒரே செய்தியைப் பல நாள் தொடர்ந்து வாசிக்கவும் வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், தருமபுரி போன்ற மாவட்டத்தின் முதல் தலைமுறை மாணவருக்கும் நாளிதழ் பயன்படும்.

தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2004-இல் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே எழுத்தறிவு 68.54 சதவீதம். மாநில அளவு 80.09 என்றிருக்க, தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே கடைசி இடம் இதற்கு. மக்களில் ஆறில் ஐந்து பேர் கிராமவாசிகள். இதை வைத்து இந்த ஊர்க்காரருக்கு மொழி கற்கும் திறன் குறைவு என்று எவரும் சொல்லிவிட முடியாது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து வளரும் பிள்ளைகள் இங்கே ஏராளம். பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இலக்கணப் புத்தகம் எதையும் தொடாமலேயே கன்னடம் பேசக் கற்றுவிடுகிறார்கள். கன்னடத்துக்கு அங்கே தெரு இருக்கிறது, கடை இருக்கிறது, மேஸ்திரி இருக்கிறார். ஆங்கிலத்துக்குத் தருமபுரியில் அப்படியொரு தெரு கிடையாது. அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்ட பிறகும், வகுப்பறைக்கு வெளியே அந்த மொழியைக் காதால் கேட்கும் வாய்ப்பு பெரிதாக வளரவில்லை. காதுக்குக் கிடைக்காததைக் கண்ணுக்குக் கொடுப்பது ஒன்றே மிச்சமிருக்கும் வழி. அந்த அளவுக்கு ஆங்கில எழுத்து நாள்தோறும் புதிதாக, மலிவாக, கிளை நூலகம் வரை வந்து சேர்வது நாளிதழ் வடிவில்தான்.

தேவையும் வெளிப்படையானது. வங்கிப் பணிக்கான ஐபிபிஎஸ் முதல்நிலைத் தேர்வின் 100 வினாக்களில் 30 ஆங்கிலத்துக்கானவை. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்கான ஆங்கிலத் தாளில் 25 சதவீதம் பெறாவிட்டால் மற்ற விடைத்தாள்களின் மதிப்பெண் கணக்கிலேயே வராது. இவற்றில் எல்லாம் முன்பின் பார்த்திராத பத்தி ஒன்றைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். பாடநூலின் வினா விடைகளை மனப்பாடம் செய்து பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் கடந்த மாணவர் தடுமாறும் இடம் இது. மனப்பாடம் அவருடைய குற்றமில்லை. பள்ளித் தேர்வு அவரிடம் கேட்டது அதைத்தான்.

அறிவுரை ஏன் பாதியில் நிற்கிறது என்பதைச் சொல்லெண்ணிக்கையே காட்டிவிடும். நியூசிலாந்தின் வெலிங்டனில் பணியாற்றிய பால் நேஷன் இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்தவர். ஒரு வேர்ச்சொல்லையும் அதன் திரிபுகளையும் ஒரு குடும்பமாகக் கொண்டால், ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் 2,000 குடும்பங்களை அறிந்தவருக்கு நாளிதழில் கண்ணில் படும் சொற்களில் ஏறத்தாழ 80 சதவீதம் தெரிந்தவையாக இருக்கும். கேட்கப் பெரிதாகத் தோன்றும் இந்த எண்ணின் மறுபக்கம், ஐந்து சொல்லுக்கு ஒன்று தெரியாது என்பது. பிறர் உதவியின்றி இடறாமல் வாசிக்க நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்பதும், நாளிதழில் அந்த நிலையை எட்ட ஏறத்தாழ 8,000 குடும்பங்கள் தேவை என்பதும் 2006-இல் அவர் வெளியிட்ட ஆய்வின் கணக்கு. அகராதியை வைத்துக்கொண்டு இந்த இடைவெளியைத் தாண்டு என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் இதே சிக்கலை வங்கத்தில் எதிர்கொண்டவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய அவர், வங்காளச் சிறுவர்களின் இருமொழி நிலைபற்றி 1926-இல் விரிவான நூல் எழுதினார். பள்ளியில் சேரும் பிள்ளைகளில் பெரும்பகுதி படிப்பை முடிப்பதற்கு முன்பே நின்றுவிடுகிறது. அப்படி நின்றவருக்குக் கற்ற அளவுக்காவது பயன் இருக்க வேண்டும் என்பது அவர் கவலை. ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை இடையில் ஒப்படைத்தால் கிடைக்கும் சரண்டர் மதிப்பு என்ற கருத்தை மொழிப் பாடத்துக்கு அவர் பொருத்தினார். பேச்சும் எழுத்தும் முழுமையாகக் கைவந்தால்தான் பயன் தருபவை. வாசிப்போ எந்த இடத்தில் நின்றாலும் அந்த இடத்துக்கு உரிய பயனைத் தரும் என்றார். எளிய சொற்களில் வாசிப்பு நூல்களை அவர் உருவாக்கியதும், பின்னாளில் 1953-இல் 2,000 சொற்களின் பொதுப் பட்டியலை வெளியிட்டதும் அந்தக் கவலையிலிருந்து பிறந்தவை. காலனி ஆட்சியின் கல்வி அதிகாரி ஒருவரின் கருத்தை இன்று தருமபுரிக்குச் சான்றாகக் கொண்டுவரலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ஓசூர்த் தொழிற்சாலைக்கோ திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கோ போகிற பெண்ணின் நிலையை எண்ணிப் பார்த்தால், வெஸ்டின் கேள்வி இன்னும் பழசாகவில்லை என்பது விளங்கும். அவள் கற்ற அளவு ஆங்கிலம் அவளுக்கு எதற்கு உதவும் என்பதைக் கேட்காமல் பாடத்திட்டம் வகுப்பது அநீதி.

சொல்லெண்ணிக்கை போடும் தடையைக் குறைக்க நாளிதழுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. ஹ்வாங் என்பவரும் நேஷனும் 1989-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத செய்திகளையும், ஒரே நிகழ்வைப் பற்றி நாள்தோறும் தொடர்ந்து வந்த செய்திகளையும் ஒப்பிட்டார்கள். தொடர்செய்திகளில் அரிய சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. அதனால் வாசிப்பவர் சுமக்க வேண்டிய புதுச்சொற்களின் எண்ணிக்கை குறைந்தது. ஒரே பொருளைப் பற்றித் தொடர்ந்து வாசிப்பதன் பயனை ஸ்டீஃபன் கிராஷன் 1981-இலேயே வலியுறுத்தியிருந்தார். இதற்குத் தமிழ் வாசகர் எவருக்கும் நினைவிருக்கும் எடுத்துக்காட்டு 2018-இல் தாய்லாந்தில் நடந்தது. ஜூன் 23 அன்று சியாங் ராய் மாகாணத்தின் தாம் லுவாங் குகைக்குள் போன கால்பந்து அணிச் சிறுவர்கள் பன்னிரண்டு பேரும் அவர்களுடைய பயிற்சியாளரும் மழைவெள்ளத்தால் வெளியே வர முடியாமல் சிக்கினார்கள். ஜூலை 2-இல் பிரிட்டன் முக்குளிப்பாளர்கள் இருவர் அவர்களை உயிரோடு கண்டார்கள். ஜூலை 6-இல் மீட்புப் பணியில் ஈடுபட்ட தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் சமன் குனான் இறந்தார். 8, 9, 10 தேதிகளில் நான்கு, நான்கு, ஐந்து பேராக எல்லோரும் வெளியே கொண்டுவரப்பட்டார்கள்.

இந்தப் பதினெட்டு நாள் செய்திகளை ஆங்கிலத்தில் வாசித்த மாணவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று பார்ப்போம். கேவ், டிராப்டு, ரெஸ்க்யூ, டைவர், ஃபிளட், ஆக்சிஜன், சேம்பர், கோச் போன்ற இருபது முப்பது சொற்கள் நாள்தோறும் கண்முன் வந்திருக்கும். முதல் நாள் அகராதி பார்த்த சொல் நான்காம் நாள் அகராதியின்றிப் புரிந்திருக்கும். செய்தி முகமைகளின் வழக்கம் ஒன்றும் இதற்குத் துணைநிற்கிறது. தொடர்செய்தி எதுவானாலும் அன்றைய புது விவரத்தை மேலே சொல்லிவிட்டு, இதுவரை நடந்ததைக் கீழே ஓரிரு பத்திகளில் திரும்பச் சொல்வார்கள். அவசரத்தில் இருக்கும் வாசகர் தாண்டிப்போகும் அந்தப் பத்திகள், மொழி கற்பவருக்குக் கூலி கேட்காத திருப்புதல் பாடம். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பர் 12 அன்று உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 41 தொழிலாளர்கள் சிக்கி, 28-ஆம் தேதி மீட்கப்பட்டபோது, அதே சொற்களில் பல மறுபடி வந்தன. தாய்லாந்தை வாசித்தவர் சில்க்யாராவில் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது துளையிடுதல் தொடர்பான சில சொற்களே. ஒரு தொடர்செய்தி முடிந்ததும் அதன் சொற்கள் வீணாவதில்லை. போர், தேர்தல், வெள்ளம், விண்கலம், வணிகவரி என்று உலகச் செய்தியின் வகைகள் கைவிரலுக்குள் அடங்கும். ஒவ்வொரு வகையிலும் ஒரு தொடரைக் கடைசிவரை வாசித்தவருக்கு அடுத்த தொடரின் பாதி வழி திறந்துவிடுகிறது.

இனி தமிழின் பங்கு. இதைத்தான் நம் ஆங்கில வகுப்பறைகள் அதிகம் ஒதுக்கிவைத்திருக்கின்றன. ஸ்டெஃபன்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் என்ற மூவர் 1979-இல் செய்த சோதனையில் இந்தியத் திருமணம் ஒன்றையும் அமெரிக்கத் திருமணம் ஒன்றையும் விவரிக்கும் கடிதங்கள் இரண்டு, இரண்டுமே ஆங்கிலத்தில், இந்தியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு தரப்பும் தன் நாட்டுத் திருமணக் கடிதத்தை விரைவாக வாசித்தது, அதிகம் நினைவில் வைத்திருந்தது. அயல்நாட்டுக் கடிதத்தைத் தன் வழக்கத்துக்கு ஏற்பத் திரித்தும் புரிந்துகொண்டது. வாசிப்பில் கண்ணுக்குள் போவதைவிட முன்பே தலைக்குள் இருப்பதற்குப் பங்கு அதிகம் என்பது இதன் பாடம். டீக்கடை மேசையில் கிடக்கும் தினத்தந்தியில் நேற்றே வாசித்த செய்தியை இன்று ஆங்கிலத்தில் வாசிப்பவர், யார், எங்கே, எதற்காக என்ற மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குகிறார். ஆள்பெயரும் ஊர்ப்பெயரும் அவருக்குத் தெரியாத சொற்களாக நிற்பதில்லை. எஞ்சிய சொற்களின் பொருளை நிகழ்வே ஊகிக்க வைக்கிறது. தமிழ் நாளிதழ்களின் உலகப் பக்கம் பெரும்பாலும் பிடிஐ போன்ற முகமைகளின் ஆங்கிலச் செய்தியிலிருந்து எழுதப்படுவது. ஆகவே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே மூலத்திலிருந்து பிறந்த இரண்டு வடிவங்கள் தினமும் நம் கைக்கு வருகின்றன. 1941-இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிய பிபிசி இன்று இணையத்தில் இரு மொழிகளிலும் எழுதுகிறது. இந்து குழுமத்துக்கு 2013 முதல் தமிழ் நாளிதழும் இருக்கிறது. இணைப்பாடநூல் ஒன்றை அரசு அச்சிட்டால் ஆகும் செலவு ஏதுமில்லாமல் இப்படியொரு வசதி கிடக்கிறது.

தமிழ் வழியே போனால் மாணவர் ஆங்கிலத்தில் சிந்திக்கவே மாட்டார், ஒவ்வொரு வரியையும் மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பார் என்ற மறுப்பு ஆசிரியர்களிடம் வலுவாக இருக்கிறது. வரிக்கு வரி ஒப்பிட்டு வாசித்தால் அந்த ஆபத்து உண்மையிலேயே உண்டு. இங்கே சொல்லும் முறை வேறு. தமிழ்ச் செய்தியை முதலில் வாசித்து, மடித்து வைத்துவிட்டுத்தான் ஆங்கிலத்தைத் திறக்க வேண்டும். தமிழ் தரவேண்டியது நிகழ்வை மட்டும்; சொல்லுக்குச் சொல் விடையை அதனிடம் கேட்கக் கூடாது. நிகழ்வு தெரிந்திருப்பதால் கவனம் பொருளில் தங்குகிறது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உட்படத் தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய திட்டத்தின் அடிப்படையும் இதற்கு நெருக்கமானது. இலக்கண விதிகளை வரிசையாகப் போதிக்காமல் வரைபடம், ரயில் கால அட்டவணை போன்றவற்றை வைத்துக் கணக்குப் போல விடை காணச் சொன்னார். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதே மொழியின் அமைப்பு உள்ளே படியும் என்பது அவர் கொள்கை. பின்னர் வெளியார் செய்த மதிப்பீடு அதற்கு ஓரளவு ஆதரவாகவே அமைந்தது.

கதை இருக்கும்போது செய்தி எதற்கு என்று கேட்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஃபிஜித் தீவின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் 1980-இல் எல்லியும் மங்குபாயும் கதைப் புத்தகங்களை வகுப்பறையில் கொட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு வளர்ச்சி வழக்கத்தைப்போல் இருமடங்காக இருந்தது. தொடக்கப் பள்ளிக்குக் கதைதான் உரியது. அங்கே நாளிதழைக் கொண்டுபோய்த் திணிக்கக் கூடாது. தமிழையே தடுமாறி வாசிக்கும் பிள்ளைக்கு முதல் தேவை தமிழ் வாசிப்பு என்பதிலும் ஐயமில்லை. செய்தியின் காலம் ஒன்பதாம் வகுப்பு அளவில் தொடங்குகிறது. அந்த வயதில் எளிய ஆங்கிலக் கதைகள் குழந்தைத்தனமாகத் தோன்றும். அவர்கள் வயதுக்கு ஏற்ற நாவல்களோ கடினமாக இருக்கும். வயதுக்கும் மொழித்திறனுக்கும் நடுவே உள்ள அந்த வெற்றிடத்தைத் தெரிந்த செய்தி நிரப்புகிறது.

செய்தி எல்லாம் ஒன்றுபோலப் பயன்படாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தலைப்புகளிலிருந்து தொடங்குவது பெரும்பாலோர் செய்யும் பிழை. ஆங்கிலத் தலைப்பில் முடிந்த நிகழ்ச்சி நிகழ்காலத்தில் எழுதப்படும், துணைவினைகள் உதிர்ந்திருக்கும், பள்ளியில் ஒரு பொருளில் படித்த சிறு சொற்கள் வேறு பொருளில் நிற்கும். இலக்கணம் தெரிந்தவரையே குழப்பும் பகுதி அது. தலையங்கம் இன்னும் கடினம். அங்கே நிகழ்வைவிட நிகழ்வைப் பற்றிய தொனி முக்கியம். போட்டித் தேர்வுப் பயிற்சியில் தலையங்கத்தையே முதல் நாளில் கொடுப்பது ஏணியின் மேல்படியை முதலில் காட்டுவதாகும். தொடக்கக்காரருக்கு முகமைச் செய்தியின் முதல் ஐந்தாறு பத்திகள் போதும்.

செய்தித் தேர்வில் ஊரின் அக்கறைக்கும் இடம் வேண்டும். தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. சீனப் பட்டு நூலின் வரவும் அதன்மீதான இறக்குமதி வரியும் கூட்டின் விலையைத் தொடும். 2023 நவம்பரில் செங்கடலில் சரக்குக் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோது, ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பும் எல்லோருக்கும் செலவு கூடியது. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டார மாங்கூழும் கடல் தாண்டிப் போகும் சரக்குதான். ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கேழ்வரகும் சாமையும் இங்கே மானாவாரி நிலத்தில் விளைபவை. நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர் வந்தது. உலகில் ஃபுளோரைடு பற்றி வரும் எந்தச் செய்தியும் இந்த மாணவருக்கு அந்நியமாக இருக்காது. உலகச் செய்தி என்றால் வெள்ளை மாளிகை என்று எண்ணும் பழக்கத்தை ஆசிரியர்கள் விட வேண்டும்.

வாசிப்பால் பேச்சு வராது என்பார்கள். பேச்சு தானாக வராது என்பது உண்மை. வாசித்த செய்தியைப் பக்கத்தில் இருப்பவரிடம் நான்கு வரியில் ஆங்கிலத்தில் திரும்பச் சொல்லும் பயிற்சியைச் சேர்த்தால்தான் நாவு அசையும். அதற்கும் சொல்ல ஒரு பொருள் வேண்டும், அதைச் செய்தி தருகிறது. ஆங்கில உலகச் செய்தி மேற்கு நாட்டு முகமைகளின் பார்வையைத் திணிக்கிறது என்ற குறை பழையது. யுனெஸ்கோவுக்காக மெக்பிரைடு குழு 1980-இல் அளித்த அறிக்கையே அதை விரிவாகப் பேசியது. இரு மொழிகளிலும் வாசிப்பவருக்கு அந்தக் குறையைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஒரே மொழியில் வாசிப்பவரைவிடக் கூடுதல். கைப்பேசியே மொழிபெயர்த்துத் தரும்போது இந்தப் பாடு எதற்கு என்ற கேள்வி அண்மைக் காலத்தது. தேர்வுக்கூடத்துக்குள் கைப்பேசி வராது. ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடும் நேரத்திலும் மேலாளர் எதிரே நிற்கும் நேரத்திலும் தன் கண்ணால் வாசித்துப் புரிந்துகொள்வது ஒருவரின் கௌரவம் சம்பந்தப்பட்டது. அதை எந்திரத்திடம் விட்டுவிடச் சொல்லும் உரிமை வசதியாக ஆங்கிலம் கற்றுவிட்டவர்களுக்குக் கிடையாது.

எளிமையாக்கப்பட்ட செய்திக்கு முன்னோடிகளும் உண்டு. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959 அக்டோபரில் தொடங்கிய சேவை, ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள், சிறு வாக்கியங்களில், வழக்கத்தைவிடக் குறைந்து மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் செய்தி வாசித்தது. உலகம் முழுதும் பலர் அதைக் கேட்டே ஆங்கிலம் பழகினார்கள். 2025 மார்ச்சில் அந்நிறுவனத்தின் பணியாளர்களில் பெரும்பாலோர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டதோடு அதன் பணிகள் தடைபட்டன. இன்னொரு நாட்டு அரசின் பணத்தில் நடக்கும் வசதி அந்த அரசின் விருப்பம் உள்ளவரைதான். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறை ஊஞ்சல், தேன்சிட்டு என்ற சிறார் இதழ்களை நடத்துகிறது. அவற்றைப் போல ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு தொடர்செய்தியைத் தமிழிலும் எளிய ஆங்கிலத்திலும் இதழுக்கு இதழ் கொண்டுசெல்லும் நான்கு பக்கங்கள் வந்தால் போதும். அதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை.

அதுவரை நூலகங்கள் இருக்கின்றன. 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம் நாட்டுக்கே முன்னோடி; சொத்து வரியோடு நாம் செலுத்தும் நூலக வரியில் அந்த ஏற்பாடு நடக்கிறது. மாவட்ட மைய நூலகத்திலும் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் போன்ற ஊர்களின் நூலகங்களிலும் நாளிதழ்கள் மாத முடிவில் எடைக்குப் போவதற்கு முன், ஒரு நிகழ்வைப் பற்றி இரு மொழிகளிலும் வந்த செய்திகளை வெட்டித் தேதி வாரியாக ஒரு கோப்பில் ஒட்டி வைக்கலாம். ஆண்டுக்கு ஆறு தொடர்கள் சேர்ந்தால் ஆறு கோப்புகள். தொடர் முடிந்துவிட்டதால் மாணவர் எந்த மாதத்தில் வந்தாலும் முதல் நாளிலிருந்து தொடங்கலாம். நேற்று விட்டுப்போனதே என்று அஞ்ச வேண்டியதில்லை. பசையும் கத்தரிக்கோலும் பழைய கோப்பு அட்டையும் தவிர இதற்குச் செலவு இல்லை. வெட்டி ஒட்டும் வேலையை வாசகர் வட்டத்தினரும் பதினோராம் வகுப்பு மாணவர்களும் செய்யலாம். எந்தச் செய்தி ஒரு தொடர், எது அன்றோடு முடிவது என்று பிரித்தறிய அவர்கள் இரு நாளிதழ்களையும் வாசித்தாக வேண்டும் என்பதால், கோப்பைத் தயாரிக்கும் கைகளுக்கே முதல் பாடம் கிடைத்துவிடும்.